எழுத்து மாறிய இணைய முகவரிகள்: எப்படி ஏமாற்றுகிறார்கள், எப்படித் தப்பிப்பது?

கேள்வி: வங்கி, பாஸ்போர்ட், கோயில் தரிசன டிக்கெட் என்று எதைத் தேடினாலும் கிட்டத்தட்ட அதே பெயரில் போலித் தளங்கள் வந்து நிற்கின்றன. எழுத்துப் பிழை இருக்கிறதா என்று உன்னிப்பாகப் பார்த்தால் தப்பித்துவிடலாமா? சின்னதாக ஒரு நிறுவனம் நடத்துகிறவர் தன் பெயரை எப்படிக் காத்துக்கொள்வது?

பதில்:

உன்னிப்பாகப் பார்ப்பதை மட்டும் நம்பினால் என்றைக்காவது ஒருநாள் மாட்டிக்கொள்வீர்கள். இன்று புழங்கும் போலி முகவரிகள் பலவற்றில் எழுத்துப் பிழையே கிடையாது. இருக்கும் பிழையும் கண்ணுக்குத் தெரியாதபடி அமைக்கப்பட்டிருக்கும். முகவரியை எந்தப் பக்கத்திலிருந்து படிப்பது என்று முதலில் தெரிந்துகொள்ள வேண்டும். அதைவிட முக்கியம், கண்ணை நம்பாத ஓர் ஏற்பாட்டைப் போனிலும் கம்ப்யூட்டரிலும் செய்து வைத்துக்கொள்வது. இரண்டையும் சொல்கிறேன். முகவரிகளை வாயால் சொல்கிறபடியே எழுதுகிறேன்: புள்ளிக்கு 'டாட்', சிறுகோட்டுக்கு 'ஹைஃபன்'.

இந்த மோசடி விரல் பிழையில் தொடங்கியது. 2000-களில் மக்கள் முகவரியைத் தாங்களே தட்டச்சு செய்தார்கள். அவசரத்தில் ஓர் எழுத்து தவறினால் போய் விழுவதற்கு ஒரு தளம் காத்திருக்கும். அமெரிக்காவில் ஜான் சுக்காரினி என்பவர் டிஸ்னிலேண்ட், டெலிடபீஸ் போன்று குழந்தைகள் தேடும் பெயர்களைப் பிழையாகப் பதிவு செய்து, வந்தவர்களை ஆபாசத் தளங்களுக்குத் திருப்பிவிட்டார். 2003 செப்டம்பரில் கைதாகி, 2004 பிப்ரவரியில் 30 மாதச் சிறைத் தண்டனை பெற்றார். 2005இல் கூகுள் என்ற பெயருக்குள் ஒரு 'கே'யைக் கூடுதலாக நுழைத்த தளம், வந்தவர்களின் கம்ப்யூட்டரில் வைரஸை இறக்கியது. கேமரூன் நாட்டின் இணையக் குறி 'டாட் சிஎம்'. 'டாட் காம்' தட்டும்போது 'ஓ' விட்டுப்போனால் அங்கேதான் போவீர்கள். 2006இல் பதிவாகாத எல்லா 'டாட் சிஎம்' பெயர்களையும் மொத்தமாக ஒரு விளம்பரப் பக்கத்துக்குத் திருப்பி வைத்திருந்தார்கள். ஓமனின் 'டாட் ஓஎம்'மிலும் இதே கதை நடந்தது. 2016இல் புகழ்பெற்ற நிறுவனங்களின் பெயர்களில் 300க்கும் மேற்பட்ட 'டாட் ஓஎம்' முகவரிகளை யாரோ பதிவு செய்து வைத்திருந்தது தெரியவந்தது. நெட்ஃபிளிக்ஸ் பெயரில் இருந்த முகவரி, மேக் கம்ப்யூட்டர்களில் விளம்பர நச்சு மென்பொருளை நிறுவப் பார்த்தது.

அந்தக் காலத்தில் வருமானம் விளம்பரத்திலிருந்து வந்தது. மூர், எடெல்மன் என்ற ஆய்வாளர்கள் 2010இல் வெளியிட்ட கணக்குப்படி, அதிகம் பார்க்கப்படும் 3,264 'டாட் காம்' தளங்களைக் குறிவைத்து மட்டும் குறைந்தது 9,38,000 பிழைப் பெயர்கள் பதிவாகியிருந்தன. அவற்றில் ஐந்தில் நான்கு பங்கு, கிளிக் ஒன்றுக்கு இவ்வளவு என்று காசு தரும் விளம்பரங்களில் ஓடின. பல இடங்களில், எந்த நிறுவனத்தின் பெயரைப் பிழையாக்கினார்களோ அந்த நிறுவனத்தின் விளம்பரமே அங்கே இருக்கும். வழிதவறிய தன் வாடிக்கையாளரைத் திரும்பப் பெற அதுவே காசு கொடுத்துக்கொண்டிருந்தது.

இப்போது முகவரியை முழுதாகத் தட்டச்சு செய்கிறவர்கள் குறைவு. லிங்க் நம்மைத் தேடி வருகிறது: எஸ்எம்எஸ், வாட்ஸ்அப், மெயில், தேடல் முடிவின் உச்சியில் வரும் விளம்பரம், சுவரில் ஒட்டிய க்யூஆர் கோடு. ஆகவே மோசடிக்காரர் இன்று உங்கள் விரல் தவறுவதற்காகக் காத்திருக்கவில்லை. உங்கள் கண் தவறுமாறு பெயரை அமைக்கிறார்.

பெயர் எப்படித் தயாராகிறது என்று பார்ப்போம். எழுத்துப் பிழைகளில் 80 சதவீதத்துக்கும் மேல் நான்கே வகை என்று ஃபிரெட் டாமரோ 1964இலேயே கண்டார்: ஓர் எழுத்து விடுபடுவது, ஓர் எழுத்து கூடுவது, ஒன்றுக்குப் பதில் வேறொன்று வருவது, அடுத்தடுத்த இரண்டு இடம் மாறுவது. ஒரே எழுத்து இருமுறை வராத 8 எழுத்துப் பெயர் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். விடுபட்டால் 8 பெயர்கள், இடம் மாறினால் 7, ஆங்கிலத்தின் மற்ற 25 எழுத்துகளில் ஒன்று மாறி வந்தால் 200, கூடுதலாக ஒன்று நுழைந்தால் 226. மொத்தம் 441. இது ஒற்றைப் பிழைக்கு, அதுவும் 'டாட் காம்' என்ற ஒரே முடிவுக்கு மட்டும். எண்களையும் ஹைஃபனையும் பிற முடிவுகளையும் சேர்த்தால் ஆயிரக்கணக்கில் போகும். எல்லாவற்றையும் உருவாக்கித் தர இலவச மென்பொருள்கள் உண்டு. சில நொடி வேலை.

இவற்றில் கண்ணை ஏய்ப்பவைதான் விலைபோகும். சிற்றெழுத்து 'ஆர்', 'என்' இரண்டும் ஒட்டி நின்றால் போன் திரையில் 'எம்' ஆகிவிடும். 'சி', 'எல்' ஒட்டினால் 'டி'. இரண்டு 'வி' சேர்ந்தால் 'டபிள்யூ'. சிற்றெழுத்து 'எல்', பேரெழுத்து 'ஐ', எண் 1 மூன்றும் பல எழுத்துருக்களில் ஒரே குச்சிதான். இன்னொரு படி மேலே போனால், ரஷ்ய எழுத்து வரிசையிலுள்ள 'அ' வடிவம் ஆங்கிலச் சிற்றெழுத்து 'ஏ'யிலிருந்து பிரித்தறிய முடியாதது. கம்ப்யூட்டருக்கோ இரண்டும் வெவ்வேறு எழுத்துகள். 2017 ஏப்ரலில் ஸூடோங் ஜெங் என்ற ஆய்வாளர் முழுக்க ரஷ்ய வரிசை எழுத்துகளாலேயே ஆப்பிள் நிறுவனத்தின் முகவரியை அச்சு அசலாகப் பதிவு செய்து காட்டினார். அதன் பிறகு குரோம் தன் 58ஆம் பதிப்பில் அத்தகைய பெயர்களை 'எக்ஸ்என்' என்று தொடங்கி இரண்டு ஹைஃபனோடு வரும் குறியீட்டு வடிவில் காட்டத் தொடங்கியது. முகவரிப் பட்டையில் அப்படி ஒன்று தெரிந்து, நீங்கள் போக நினைத்தது ஆங்கிலப் பெயருள்ள தளம் என்றால், உடனே மூடிவிடுங்கள்.

தமிழிலும் இந்தச் சிக்கல் உண்டு. 'டாட் இந்தியா', 'டாட் இலங்கை', 'டாட் சிங்கப்பூர்' ஆகியவை தமிழ் எழுத்திலேயே இயங்கும் இணையக் குறிகள். தமிழ் எண் ௧ நம் 'க' போலவே இருக்கும். ௨ 'உ' போல, ௭ 'எ' போல, ௮ 'அ' போல. 'ஔ' என்ற ஓரெழுத்தையும் 'ஒள' என்ற ஈரெழுத்தையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தாலும் பலருக்கு வித்தியாசம் தெரியாது. யூனிகோடில் இவை எல்லாம் தனித்தனிக் குறியீடுகள்.

இத்தனை சொன்னாலும், எழுத்தை மாற்றுவது இன்று சிறுபான்மைதான். பெயரை அப்படியே வைத்துக்கொண்டு பக்கத்தில் நம்பத் தகுந்த ஒரு சொல்லை ஒட்டுவதுதான் பரவலான முறை. அமெரிக்காவின் ஜார்ஜியா டெக் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் முன்னின்று 2017இல் செய்த ஆய்வில், சொல் ஒட்டிய பெயர்கள் எழுத்துப் பிழைப் பெயர்களைப் போல நூறு மடங்கு இருந்தன. பாஸ்போர்ட்டை எடுத்துக்கொள்ளுங்கள். வெளியுறவு அமைச்சகத்தின் தளம் 'பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன்'. போலி என்று அமைச்சகமே பெயர் சொல்லி எச்சரித்தவை: இந்தியாபாஸ்போர்ட் டாட் ஓஆர்ஜி, ஆன்லைன் ஹைஃபன் பாஸ்போர்ட்இந்தியா டாட் காம், பாஸ்போர்ட் ஹைஃபன் சேவா டாட் இன், அப்ளைபாஸ்போர்ட் டாட் ஓஆர்ஜி. ஒன்றிலாவது எழுத்துப் பிழை இருக்கிறதா? விண்ணப்பதாரரின் விவரங்களையெல்லாம் வாங்கிக்கொண்டு, அரசுக் கட்டணத்துக்கு மேல் பணமும் பறிப்பதுதான் இவற்றின் தொழில்.

இன்னும் நுட்பமானது, புள்ளியை ஹைஃபனாக்குவது. திருமலை திருப்பதி தேவஸ்தானத்தின் தளம் 2023இல் 'திருப்பதிபாலாஜி டாட் ஏபி டாட் கவ் டாட் இன்' என்று இருந்தது. அந்த ஆண்டு ஏப்ரலில் தேவஸ்தானம் புகார் கொடுத்த போலித் தளம் 'திருப்பதிபாலாஜி ஹைஃபன் ஏபி ஹைஃபன் கவ் டாட் ஓஆர்ஜி'. தேவஸ்தானம் கண்டுபிடித்த 41ஆவது போலித் தளம் அது. எழுத்து எல்லாம் சரி, வரிசையும் சரி. இரண்டு புள்ளிகள் ஹைஃபன்களாக மாறி, கடைசிச் சொல் மட்டும் வேறாகிவிட்டது. அதனாலேயே அரசாங்கத்தின் வட்டத்திலிருந்து யாரும் காசு கொடுத்து வாங்கும் பெயர்களின் வட்டத்துக்கு வந்துவிட்டது.

இங்கேதான் படிக்கும் முறை வருகிறது. தமிழையும் ஆங்கிலத்தையும் இடமிருந்து வலமாகப் படிக்கிறோம். இணைய முகவரியில் உரிமையாளர் யார் என்பது வலப்பக்கம் இருக்கிறது. வீட்டு முகவரியில் ஊரும் மாவட்டமும் கடைசியில் வருவதுபோல. செய்ய வேண்டியது இதுதான். தொடக்கத்தில் வரும் இரட்டைச் சாய்கோட்டை விட்டுவிடுங்கள். அதற்குப் பிறகு வரும் முதல் ஒற்றைச் சாய்கோட்டைக் கண்டுபிடியுங்கள். சாய்கோடே இல்லையென்றால் முகவரியின் முடிவு. அங்கிருந்து இடப்பக்கமாக வாருங்கள். முதலில் வருவது முடிவுக்குறி: காம், இன், ஓஆர்ஜி. இந்தியாவில் கோ டாட் இன், கவ் டாட் இன், பேங்க் டாட் இன் போன்ற இரட்டை முடிவுகளை ஒரே குறியாகக் கொள்ளுங்கள். அதற்கு இடப்பக்கம், அடுத்த புள்ளி வரை உள்ள ஒரே சொல்தான் உரிமையாளரின் பெயர். அதற்கும் இடப்பக்கம் உள்ள எதையும் அந்த உரிமையாளர் தன் இஷ்டத்துக்கு எழுதிக்கொள்ளலாம்.

ஆகவே 'பாஸ்போர்ட்இந்தியா டாட் கவ் டாட் இன் டாட் ஏதோபெயர் டாட் காம்' என்று வந்தால் அது 'ஏதோபெயர்' என்பவருடைய தளம். முன்னால் உள்ள அரசுப் பெயர் வெறும் அலங்காரம். போன் திரை குறுகலாக இருப்பதால் நீளமான முகவரியின் ஒரு பகுதிதான் தெரியும். முகவரிப் பட்டையைத் தொட்டு, கடைசி வரை நகர்த்திப் பாருங்கள். சாய்கோட்டுக்கு வலப்பக்கம் வங்கியின் பெயர் இருந்தாலும் அதற்கும் மதிப்பில்லை. இரட்டைச் சாய்கோட்டுக்கும் முதல் ஒற்றைச் சாய்கோட்டுக்கும் நடுவே '@' குறி வந்தால், அதற்கு முன்னால் உள்ள எதையும் பிரவுசர் தளத்தின் பெயராக எடுத்துக்கொள்ளாது. '@'க்குப் பிறகு உள்ள தளத்துக்குத்தான் போகும்.

இந்திய வங்கிகளைப் பொறுத்தவரை நல்ல மாற்றம் ஒன்று வந்திருக்கிறது. வங்கிகளுக்கென்றே 'பேங்க் டாட் இன்' என்ற தனி முடிவுக்குறியை ரிசர்வ் வங்கி 2025 பிப்ரவரியில் அறிவித்து, அந்த ஆண்டு அக்டோபர் 31க்குள் மாறச் சொன்னது. ரிசர்வ் வங்கி நிறுவிய, ஹைதராபாத்தில் உள்ள ஐடிஆர்பிடி என்ற வங்கித் தொழில்நுட்ப நிறுவனம் மட்டுமே அதில் பெயர் தர முடியும், வங்கிகளுக்கு மட்டுமே தரும். ஆனால் கவனிக்க வேண்டிய இடம் ஒன்று உண்டு: 'பேங்க்' என்ற சொல்லுக்கு முன்னால் புள்ளி இருக்க வேண்டும். 'இன்னார் டாட் பேங்க் டாட் இன்' என்பது வங்கி. 'இன்னார்பேங்க் டாட் இன்', 'இன்னார் ஹைஃபன் பேங்க் டாட் இன்' என்பவை யார் வேண்டுமானாலும் ஆண்டுக்கு ஆயிரம் ரூபாய்க்குள் வாங்கிவிடக்கூடிய சாதாரண 'டாட் இன்' பெயர்கள். திருப்பதித் தளத்தில் செய்த அதே வேலையை இங்கேயும் செய்வார்கள் என்று எதிர்பார்த்து இருங்கள்.

பாதுகாப்பு என்று பலர் நம்பும் சில விஷயங்கள் உண்மையில் உதவுவதில்லை. பூட்டுச் சின்னம் அதில் முதலாவது. உங்களுக்கும் அந்தத் தளத்துக்கும் இடையே போகும் தகவலை வேறு யாரும் படிக்க முடியாது என்பதுதான் அதன் பொருள். அந்தத் தளத்தின் உரிமையாளர் திருடனா இல்லையா என்று அது சொல்லாது. அதற்கான சான்றிதழ் சில நிமிடங்களில் இலவசமாகக் கிடைக்கிறது. மக்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள் என்பதாலேயே குரோம் 2023 செப்டம்பரில் அந்தப் பூட்டை எடுத்துவிட்டு வேறு சின்னம் வைத்தது. அடுத்தது, 'முதலில் தவறான பாஸ்வேர்டைக் கொடுத்துப் பாருங்கள், ஏற்றுக்கொண்டால் போலி' என்ற யோசனை. பழைய போலிப் பக்கங்களிடம் இது எடுபடும். இன்றைய போலித் தளம் நீங்கள் தட்டுவதை அந்த நொடியே உண்மையான வங்கித் தளத்தில் போட்டுப் பார்க்கிறது. தவறான பாஸ்வேர்டை வங்கி மறுத்தால் இதுவும் மறுக்கும். சரியானதைக் கொடுத்தால் உண்மையான வங்கியிலிருந்தே உங்கள் போனுக்கு ஓடிபி வரும். அதையும் இந்தப் பக்கத்தில் தட்டுவீர்கள். ஓடிபி வந்ததாலேயே தளம் உண்மையானது என்று நினைப்பது மிகப் பெரிய ஆபத்து.

பெயர் எப்போது பதிவானது என்று பார்ப்பது ஓரளவு உதவும். இணையப் பெயர்களை உலக அளவில் ஒருங்கிணைக்கும் ஐகேன் அமைப்பின் தேடல் பக்கத்தில் பெயரைக் கொடுத்தால் பதிவுத் தேதி தெரியும். பத்தாண்டுப் பழமை சொல்லும் கடையின் முகவரி போன வாரம் பதிவாகியிருந்தால் விஷயம் விளங்கிவிடும். ஆனால் பழைய தேதி நற்சான்று ஆகாது. பழைய பெயரை ஏலத்தில் வாங்கியிருக்கலாம், அல்லது யாருடைய தளத்தையோ ஹேக் செய்து அதற்குள் போலிப் பக்கத்தை வைத்திருக்கலாம்.

உண்மையாகவே காப்பாற்றுவது, பாஸ்வேர்டுகளைச் சேமித்து வைத்துத் தானே நிரப்பித் தரும் பாஸ்வேர்ட் மேனேஜர். பிரவுசரில் உள்ளதே போதும். அது எழுத்தின் வடிவத்தைப் பார்ப்பதில்லை, குறியீட்டை ஒப்பிடுகிறது. 'ஆர்-என்' வந்தாலும் ரஷ்ய எழுத்து வந்தாலும் அதற்கு அது வேறு தளம்தான், பாஸ்வேர்டை நிரப்பாது. வழக்கமாகத் தானே நிரப்பும் தளத்தில் ஒருநாள் நிரப்பவில்லை என்றால், பாஸ்வேர்டைத் தேடி எடுத்துக் கையால் ஒட்டாதீர்கள். அந்த இடத்தில்தான் பலர் தவறுகிறார்கள். உண்மையான தளமே முகவரியை மாற்றியிருந்தாலும் இப்படி நடக்கும். அப்போது பக்கத்தை மூடிவிட்டு, வங்கியின் செயலி வழியாகவோ பாஸ்புக்கில் அச்சாகியுள்ள முகவரி வழியாகவோ சரிபாருங்கள். பாஸ்வேர்டுக்குப் பதிலாக விரல்ரேகை, முகம் அல்லது போன் பூட்டைக் கொண்டு உள்ளே நுழையும் பாஸ்கீ வசதி உள்ள இடங்களில் அதற்கு மாறிவிடுங்கள். அது பதிவான தளத்தின் பெயரோடு பிணைந்திருப்பதால் நீங்களே விரும்பினாலும் போலித் தளத்தில் பயன்படாது. மூன்றாவதாக புக்மார்க். வங்கி, வருமான வரி, ரயில் டிக்கெட், பாஸ்போர்ட், மின்கட்டணம் என்று பணம் புழங்கும் முகவரிகளை ஒருமுறை சரிபார்த்துச் சேமித்துவிட்டு, இனி அந்த வழியாக மட்டும் போங்கள். தேடல் முடிவில் மேலே 'ஸ்பான்சர்டு' என்று வருவதைத் தொட வேண்டாம். வீட்டில் பெரியவர்களுக்கு எழுத்து வித்தியாசத்தைப் பாடம் நடத்துவதைவிட, அவர்கள் போனின் முகப்புத் திரையில் இந்த நான்கைந்து புக்மார்க்கை வைத்துக் கொடுப்பது பலன் தரும்.

எஸ்எம்எஸ் விஷயத்தில் ஒரு தகவல். 2024 அக்டோபர் 1 முதல், முன்கூட்டியே பதிவு செய்யாத லிங்க் உள்ள வணிக எஸ்எம்எஸ்களைத் தொலைபேசி நிறுவனங்கள் தடுக்க வேண்டும் என்பது தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராயின் விதி. அதனால் மோசடிக்காரர்கள் வாட்ஸ்அப்புக்கும் ஐபோனின் ஐமெசேஜுக்கும் சாதாரண பத்து இலக்க எண்களுக்கும் நகர்ந்துவிட்டார்கள். 2024இல் ஐபோன்களுக்கு வந்த 'உங்கள் பார்சல் கிடங்கில் நிற்கிறது' என்ற போலி அஞ்சல் துறைச் செய்திகள் ஐமெசேஜ் வழியாகவே வந்தன. பார்சலை மீண்டும் அனுப்பச் சிறு தொகை கட்டச் சொல்லி கார்டு விவரத்தை வாங்குவார்கள். அந்தச் சிறு தொகைக்காக அவர்கள் வரவில்லை, கார்டு எண்ணுக்காக வந்தவர்கள். போக்குவரத்து அபராதம் என்ற பெயரில் வருபவை பெரும்பாலும் ஏபிகே கோப்பை (ஆண்ட்ராய்டு போனில் செயலியை நிறுவும் கோப்பு) இறக்கச் சொல்லும். அபராதம் கட்டும் அரசுப் போக்குவரத்துத் தளமான பரிவாகன் 'கவ் டாட் இன்' என்றுதான் முடியும். அபராதம் கட்ட எந்தச் செயலியையும் வாட்ஸ்அப்பில் அனுப்பாது.

மாட்டிக்கொண்டால் வரிசை முக்கியம். பக்கத்தைத் திறந்ததோடு சரி, எதையும் தட்டவில்லை, இறக்கவில்லை என்றால் மூடிவிட்டு பிரவுசரையும் போனையும் அப்டேட் செய்தால் போதும். பாஸ்வேர்ட் கொடுத்திருந்தால் உண்மையான தளத்துக்குப் போய் உடனே மாற்றி, எல்லாச் சாதனங்களிலிருந்தும் வெளியேறும் வசதியைப் பயன்படுத்துங்கள். பாஸ்வேர்ட் மாறினாலும் திருடன் ஏற்கெனவே திறந்து வைத்திருக்கும் லாகின் சில தளங்களில் தொடரும் என்பதால் இந்த இரண்டாவது வேலை அவசியம். அதே பாஸ்வேர்டை வேறு எங்கு வைத்திருந்தாலும் அங்கேயும் மாற்ற வேண்டும். கார்டு விவரம் போயிருந்தால் கார்டை பிளாக் செய்யுங்கள். ஏபிகே நிறுவியிருந்தால் முதலில் ஏரோபிளேன் மோடு போட்டு வைஃபையையும் அணையுங்கள். அந்தப் போனிலிருந்து வங்கியை அழைக்காதீர்கள், வேறு போனிலிருந்து அழையுங்கள். வரும் எஸ்எம்எஸ்களைப் படித்து அனுப்புவதுதான் அந்தச் செயலியின் வேலை. பிறகு படங்களை மட்டும் எடுத்து வைத்துக்கொண்டு ஃபேக்டரி ரீசெட் செய்யுங்கள்.

பணம் போயிருந்தால் உடனே சைபர் குற்ற உதவி எண் 1930ஐ அழையுங்கள். கையில் இருக்க வேண்டியவை: எந்தக் கணக்கு, எவ்வளவு, எத்தனை மணிக்கு, யுபிஐ என்றால் 12 இலக்கப் பரிவர்த்தனை எண். பணம் ஒரு கணக்கிலிருந்து இன்னொன்றுக்குத் தாவிப் போவதற்குள் அதை முடக்குவதுதான் நோக்கம். அதனால் நிமிடக் கணக்கில் விஷயம் இருக்கிறது. பிறகு சைபர்கிரைம் டாட் கவ் டாட் இன் தளத்தில் எழுத்துப்பூர்வமாகப் பதிவு செய்யுங்கள். வங்கிக்கும் அதே நேரத்தில் சொல்லி, புகார் எண் வாங்குங்கள். ரிசர்வ் வங்கியின் 2017 ஜூலை சுற்றறிக்கைப்படி, வாடிக்கையாளரே ரகசிய விவரத்தைக் கொடுத்திருந்தால், வங்கிக்குச் சொல்லும் வரையிலான இழப்பு அவருடையது. சொன்ன பிறகு போகும் பணம் வங்கியின் பொறுப்பு. வெட்கப்பட்டு ஒருநாள் தள்ளிப்போட்டால், அந்த ஒருநாளில் போகும் பணமும் உங்கள் தலையில்தான் விழும்.

இனி நிறுவனம் நடத்துகிறவர்களுக்கு. 441 பெயரையும் வாங்க முடியாது, வாங்கவும் வேண்டாம். உங்கள் பெயருக்கு காம், இன், கோ டாட் இன் மூன்றையும் வாங்குங்கள்; இரண்டு சொல் பெயர் என்றால் ஹைஃபனோடும் இல்லாமலும். அதற்கு மேல், தமிழ்ப் பெயர் வைத்திருப்பவர்களுக்கென்று ஒரு தனிச் சிக்கல் இருக்கிறது. வெளிநாட்டு அறிவுரைகளில் இது இருக்காது. வாடிக்கையாளர் தவறுவது விசைப்பலகையில் மட்டும் இல்லை, எழுத்துக்கூட்டலில். 'மூர்த்தி' என்ற பெயரில் 'மூ'வுக்கு இரண்டு 'ஓ' போடுபவரும் உண்டு, 'யு' போடுபவரும் உண்டு. கடைசியில் 'ஒய்' போடுபவரும் 'ஐ' போடுபவரும் உண்டு. நான்கும் பிழையில்லாத எழுத்துக்கூட்டல்கள்தான். 'லட்சுமி'க்கு 'கேஎஸ்ஹெச்' அல்லது 'எக்ஸ்'. 'த'வுக்கு 'ஹெச்' சேர்த்தோ சேர்க்காமலோ. 'ழ'வுக்கு 'இசட்ஹெச்' அல்லது 'எல்'. உங்கள் பெயர்ப் பலகையைப் பார்க்காமல் பெயரைக் காதால் மட்டும் கேட்ட பத்துப் பேரிடம் ஆங்கிலத்தில் எழுதச் சொல்லுங்கள். அவர்கள் எழுதுவதில் திரும்பத் திரும்ப வரும் இரண்டு மூன்றை வாங்கி உங்கள் தளத்துக்குத் திருப்பிவிட்டால் போதும்.

வாங்கிய மாற்றுப் பெயர்களிலிருந்து மெயில் போகக் கூடாது என்பதையும் பதிவு செய்ய வேண்டும். அந்தப் பெயரில் யார் மெயில் அனுப்பலாம் என்று சொல்லும் எஸ்பிஎஃப் பதிவில் யாருக்கும் அனுமதி இல்லை என்றும், சோதனையில் தேறாத மெயிலை என்ன செய்வது என்று சொல்லும் டிமார்க் பதிவில் நிராகரிக்கவும் என்றும் வையுங்கள். உங்கள் முதன்மைப் பெயருக்கும் டிமார்க் அவசியம். ஆனால் அது தடுப்பது உங்கள் பெயரையே போட்டு வரும் கள்ள மெயிலை மட்டும். ஓர் எழுத்து மாறிய பெயரை வாங்கியவர் அந்தப் பெயருக்கு எல்லாப் பதிவுகளையும் ஒழுங்காக வைத்து அனுப்பினால், எல்லாச் சோதனையிலும் தேறி இன்பாக்ஸில் வந்து உட்காரும். 'வங்கிக் கணக்கு மாறிவிட்டது, இந்தப் பில்லுக்குப் புதிய கணக்கில் அனுப்புங்கள்' என்ற மெயில்கள் இப்படித்தான் வருகின்றன. கணக்கு எண் மாற்றம் எதுவானாலும் ஏற்கெனவே உங்களிடம் உள்ள தொலைபேசி எண்ணில் கூப்பிட்டுக் கேட்டுவிட்டுத்தான் பணம் என்று கணக்குப் பிரிவுக்கு எழுதிக் கொடுத்துவிடுங்கள். அந்த மெயிலில் உள்ள எண்ணில் கூப்பிடக் கூடாது.

மெயில் தவறிப் போவதும் உண்டு. கோடாய் குழு என்ற ஆய்வாளர்கள் 2011இல், பெரிய நிறுவனங்களின் முகவரியில் ஒரு புள்ளி விடுபட்ட பெயர்களைப் பதிவு செய்துவிட்டுச் சும்மா காத்திருந்தார்கள். ஆறு மாதத்தில் 1,20,000 மெயில்கள் வந்து விழுந்தன. அமெரிக்க ராணுவத்தின் 'டாட் எம்ஐஎல்' முகவரியில் 'ஐ' விட்டுப்போனால் மாலி நாட்டின் 'டாட் எம்எல்' ஆகும். 2023இல் சில மாதங்களில் மட்டும் அப்படி ஒரு லட்சத்துக்கு மேல் மெயில்கள் அங்கே போயிருந்தது தெரியவந்தது.

உங்கள் பெயரில் புதிதாக யாராவது தளம் தொடங்கினால் தெரிந்துகொள்ளவும் வழி இருக்கிறது. பிரவுசர்கள் ஏற்கும் பாதுகாப்புச் சான்றிதழ்கள் பொதுப் பதிவேடுகளில் ஏறுகின்றன. அவற்றை இலவசமாகத் தேடலாம், எச்சரிக்கை மெயிலும் வைத்துக்கொள்ளலாம். தளம் திறப்பதற்கு முன்பே பல நேரங்களில் பெயர் அங்கே தெரிந்துவிடும். விழாக்கால விற்பனை, போட்டி என்று ஒவ்வொன்றுக்கும் தனிப் பெயர் வாங்கும் பழக்கத்தையும் விட்டுவிடுங்கள். உங்கள் பெயருக்கு இடப்பக்கம் ஒரு சொல்லைச் சேர்த்து உட்தளமாக வையுங்கள். 2017இல் அமெரிக்கக் கடன் தகவல் நிறுவனமான ஈக்விஃபேக்ஸ், தன்னிடம் நடந்த தகவல் கசிவு பற்றிச் சொல்ல 'ஈக்விஃபேக்ஸ்செக்யூரிட்டி2017 டாட் காம்' என்று புதுப் பெயர் வாங்கியது. சொற்களை முன்பின் மாற்றி ஒருவர் எச்சரிக்கைக்காகத் தொடங்கிய மாதிரித் தளத்துக்கு அந்நிறுவனத்தின் ட்விட்டர் கணக்கே வாடிக்கையாளர்களை அனுப்பிவைத்தது.

போலித் தளத்தை மூட வைக்க, பெயரைப் பதிவு செய்து கொடுத்த நிறுவனத்தின் முறைகேட்டுப் புகார் முகவரிக்கு எழுதுங்கள். 'டாட் காம்' போன்ற பெயர்களில் ஃபிஷிங்குக்கு (போலித் தளம் வைத்து ரகசிய விவரங்களைத் திருடுவது) தக்க ஆதாரம் கொடுத்தால் நடவடிக்கை எடுத்தே தீர வேண்டும் என்று 2024 ஏப்ரல் 5 முதல் ஐகேன் ஒப்பந்தம் சொல்கிறது. முழு முகவரி, முகவரிப் பட்டை தெரியும் ஸ்கிரீன்ஷாட், நேரம், எந்தப் போன், எந்த நெட்வொர்க் என்பவற்றைக் குறிப்பிடுங்கள். பல போலித் தளங்கள் போனில் மட்டும், அதுவும் முதல் முறை மட்டும் தன் முகத்தைக் காட்டும். கம்ப்யூட்டரில் திறப்பவருக்கு வெற்றுப் பக்கம் தெரியும். இதை எழுதாவிட்டால் 'எங்களுக்கு ஒன்றும் தெரியவில்லை' என்று புகாரை மூடிவிடுவார்கள். கூகுளின் பாதுகாப்பு உலாவல் பக்கத்திலும் தெரிவியுங்கள். பட்டியலில் ஏறிவிட்டால் தளம் மூடப்படும் முன்பே குரோமில் சிவப்பு எச்சரிக்கை வந்துவிடும்.

பெயரையே உங்களுக்கு மாற்றிக் கேட்பது தனி வழக்கு. இந்தியாவில் இதற்கு முன்னோடித் தீர்ப்பு சென்னையிலிருந்த சத்யம் இன்ஃபோவே நிறுவனத்துடையது. அது 'சிஃபி' என்ற பெயரில் தளங்கள் நடத்திவந்தது. இன்னொரு நிறுவனம் நடுவில் ஓர் 'எஃப்' கூட்டி 'சிஃப்ஃபிநெட்' என்று பதிவு செய்தது. டொமைன் பெயருக்கும், அதாவது இணைய முகவரிப் பெயருக்கும், வணிகச் சின்னத்துக்கு உரிய பாதுகாப்பு உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2004இல் தீர்ப்பளித்தது. நீதிமன்றம் போகாமலும் முடிக்கலாம். 'டாட் காம்' பெயர்களுக்கு யுடிஆர்பி என்ற நடுவர் முறை. உலக அறிவுசார் சொத்து அமைப்பில் ஒருவர் நடுவராக இருந்தால், ஐந்து பெயர்கள் வரை கட்டணம் 1,500 டாலர். 'டாட் இன்' பெயர்களுக்கு அதேபோல ஐஎன்டிஆர்பி என்ற முறை. முதலாவதில் கெட்ட நோக்கத்தோடு பதிவு செய்ததையும் பயன்படுத்தியதையும் இரண்டையுமே காட்ட வேண்டும். இரண்டாவதில் ஏதாவது ஒன்று போதும். இரண்டிலும் இழப்பீடு கிடைக்காது, பெயர் ரத்தாகும் அல்லது உங்களுக்கு மாறும். வணிகச் சின்னப் பதிவுச் சான்றும், அந்தப் பெயரை எப்போதிலிருந்து பயன்படுத்துகிறீர்கள் என்பதற்குத் தேதியுள்ள பில்களும் விளம்பரங்களும் முதலிலேயே சேர்த்து வையுங்கள். பெயர் கைக்கு வந்த பிறகு தானியங்கிப் புதுப்பிப்பைப் போட்டுவிடுங்கள். 'டாட் காம்' பெயர் காலாவதியானால் பொதுவாக எண்பது நாளுக்குள் மறுபடி சந்தைக்கு வந்துவிடும், பழைய பார்வையாளர்கள் வந்துபோகும் பெயரை எடுத்துக்கொள்ள அங்கே ஆள் காத்திருக்கும்.